மின்முகவரியும் வெட்டுச் சொல்லும்

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் முகவரியை ‘எட்ரஸ்’ என வழங்குவோர் உளர். மின்னியலைக் குறிக்கும் ‘ஈ’ என்ற எழுத்தை ‘அட்ரஸ்’ என்பதன் தலையில் ஒட்டிப் பெற்ற கொச்சை அது. புகைக்கும் மூடுபனிக்கும் உரிய சொற்களை நறுக்கி ‘ஸ்மொக்’ என்று பெயரிட்ட மொழிக்கு இது புதிதன்று. தமிழிலும் அவ்வாறு செய்தாலென்ன என்று மாணவர் சிலர் வினவுகின்றனர். செய்துதான் பார்ப்போமே! மின்னஞ்சலின் தலையும் முகவரியின் வாலும் சேர்ந்தால் ‘மின்வரி’ ஆகும். உடுப்பிட்டிச் சந்தியில் நிற்பவர் எவரும் அதனை மின்சாரத்துக்கு விதித்த வரியென்றே கொள்வர்.

தஞ்சாவூரைத் தஞ்சை என்கிறோமே எனலாம். அம்மரூஉ பலர் நாவில் நெடுங்காலம் தேய்ந்து வந்தது. ஒருவர் மேசையில் வெட்டியதன்று. நம் மொழியின் இயல்பு புணர்ச்சி. மின்னும் அஞ்சலும் சேருமிடத்துத் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டியது. இரு சொல்லும் முழுமையாய் நின்றன. பிறமொழிச் சொல்லும் இந்நெறிக்குப் பணியும். நம் ‘தபாற்கந்தோர்’ என்பதனை நோக்குக: தபால் வெளியிலிருந்து வந்தது, கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது, லகரம் றகரமாய்த் திரிந்ததும் தமிழாயிற்று. ஆதலின் ‘மின்முகவரி’ போதும். விலாசம் என்றே பழகிய நம் முதியோர் ‘மின்விலாசம்’ என்றாலும் யான் மறுக்கேன்.

எனினும் என் கவலை பெயரைப் பற்றியதன்று. முகவரியே தமிழில் இல்லையே! 1971இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் ஒரு குறியால் பிரித்து வலையமைப்பின் வழி அஞ்சல் அனுப்பினார். அன்று தொட்டு நெடுங்காலம் அதற்கு உரோமன் எழுத்தே விதி. யாழினி என்னும் மாணவி தன் ழகரத்தை ஈழ வழக்கப்படி ஓரெழுத்தால் எழுதுவதா, தமிழ்நாட்டார் போல் ஈரெழுத்தால் எழுதுவதா என்று திகைக்கிறாள். ஓரெழுத்து மாறினும் கடிதம் வேறொருவரைச் சேரும். 1990களில் பெரும்பகுதி மின்சாரமின்றிக் கழித்த இவ்வடமராட்சியில், கடல்கடந்த பிள்ளையின் கடிதம் வாராமை என்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

விதியோ தளர்ந்துவிட்டது. ‘.இலங்கை’ என்னும் தமிழ் ஆள்களப் பெயர் 2010இலேயே கிடைத்தது. பிறவெழுத்து முகவரிகளுக்கான அனைத்துலக நெறிமுறை 2012இல் வெளியாயிற்று. சேவை நிறுவனங்கள் பல இன்னும் அதனை ஏற்காமைக்குக் கேட்பாரின்மையும் ஒரு காரணம். நம் பாடசாலைகள் பெயர்ப்பலகையில் தமிழை எழுதுகின்றன. கடிதத்தாளின் மின்முகவரியையும் அவ்வாறே கேட்டுப் பெறட்டும்.