ஒலிபெருக்கி பழசாகிவிட்டதா?

செயற்கைக்கோளும் கைபேசிச் செயலியும் வந்தபின் புயல், சுனாமி எச்சரிக்கைக்கு ஊர் ஒலிபெருக்கியும் தன்னார்வலரும் எதற்கு என்கிறார்கள். தவறு.

1. கணிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. ஆளிடம் போய்ச் சேராத கணிப்பால் யாருக்கு என்ன பயன்? 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே ஏது சிக்னல்?

2. 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் புதுச்சேரி நல்லவாட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஒரு காதில் விழுந்ததை ஊர் முழுக்கச் சொன்னது அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி. ஊர் தப்பியது.

3. அதே நாள், இந்தோனேசியாவின் சிமலூ தீவு. நிலநடுக்க மையத்துக்கு வெகு அருகில். அரசு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழே பேர். காரணம், 1907 சுனாமிக்குப் பிறகு பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த ஒரே சொல்: ‘ஸ்மோங்’. நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. நிமிடங்களில் வரும் அலையை எந்தத் தலைமையகம் முந்தும்?

4. “சொன்னாலும் மக்கள் கேட்க மாட்டார்கள்.” யார் சொன்னால்? இன்றைய வங்கதேசத்தில் 1970 புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. பிறகு புகலிடங்கள் கட்டினார்கள். கையில் மெகாபோனோடு உள்ளூர்த் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2020 அம்பன் புயலில் அங்கே பலி நூறைத் தொடவில்லை.

ஒத்திகையே நடக்காத ஊரில், நள்ளிரவில் செயலியின் சத்தத்துக்கு எழுந்தவர் எந்தப் பக்கம் ஓடுவார்?