சொக்சோ டாக்டரிடம் நோயை மறைக்கலாமா?

சொக்சோ என்று நாம் பழக்கத்தில் சொல்லும் பெர்கேசோ 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து, 1971 முதல் இயங்கி வருகிறது. அண்மை ஆண்டுகளில் அதில் பல மாற்றங்கள் வந்துள்ளன. சந்தா பிடிக்கும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரில் 5,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளிக்கு உயர்ந்தது. அந்நியத் தொழிலாளர்கள் 2019-இல் வேலை விபத்துத் திட்டத்திலும், 2024 ஜூலையில் இலாட் திட்டத்திலும் சேர்க்கப்பட்டார்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்துக்கு உயர்ந்த தோட்டத் தொழிலாளிக்குச் சந்தாவும் கூடியது, கிடைக்க வேண்டிய சலுகையும் கூடியது.

கூடியது சரி. அது தொழிலாளியின் கைக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டம் தோட்டமாக நாம் போய் வரும்போது காதில் விழும் பேச்சு இதுதான். "டாக்டர் கேட்டா இனிப்பு நீர் இருக்குன்னு சொல்லிடாதீங்க, கேஸ் அடிபட்டுப் போயிடும்." "முதுகு வலியெல்லாம் எதுக்குச் சொல்லணும்? அடிபட்டது கைதானே." "நெஞ்சு வலின்னு எழுதிட்டா வேலையும் போச்சு, வீடும் போச்சுண்ணே." இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் சொக்சோவின் மூன்று படிகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி, தற்காலிக ஊனச் சலுகை. வேலையில் அடிபட்டு டாக்டர் குறைந்தது நான்கு நாள் எம்.சி. கொடுத்தால் இது கிடைக்கும். நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. ஆனால் நாளுக்கு 30 வெள்ளிக்குக் குறையாது. வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

இரண்டாம் படி, நிரந்தர ஊனச் சலுகை. எம்.சி. முடிந்த பிறகும் குறை நின்றுவிட்டால், மருத்துவ வாரியம், அதாவது நம் பேச்சில் டாக்டர் போர்டு, உடம்பைப் பார்த்து இத்தனை விழுக்காடு ஊனம் என்று தீர்மானிக்கும். 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் பணத்தை ஒரே தடவையில் மொத்தமாக வாங்கலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மொத்தமாக எடுக்கலாம். மீதி ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். திரும்ப வேலைக்குப் போனாலும் அது நிற்காது.

மூன்றாம் படி, இலாட் பென்சன். குணமாகாத நோயாலோ ஊனத்தாலோ, நல்ல உடம்புள்ள தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் போனவருக்கு இது உண்டு. சராசரி மாதச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை கிடைக்கும். 60 வயதுக்கு முன்னால் மனு போட வேண்டும். சந்தாக் கணக்கும் வேண்டும்: முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுப் பென்சனுக்குத் தகுதி உண்டு.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நம்மை யாரும் தூக்கிவிட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனிப் பரிசோதனை. டாக்டர் போர்டுக்கு, எம்.சி. முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். போர்டு நம் உடம்போடு சேர்த்து, பாரத்தையும் ஆஸ்பத்திரி அறிக்கையையும் பார்க்கிறது. அதில் எழுதாத காயத்தைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

ஓர் உதாரணம். செம்பனைக் குலையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும் தொழிலாளி வழுக்கி விழுகிறார். கை எலும்பு முறிகிறது, தோளும் பிசகுகிறது. கைதான் பெரிதாகத் தெரிகிறது. தோளை அவரும் சொல்லவில்லை, டாக்டரும் எழுதவில்லை. கைக்கு 15 விழுக்காடு, தோளையும் சேர்த்தால் 22 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 15 என்றால் ஒரு தடவைப் பணத்தோடு முடிந்துவிடும். 22 என்றால் சாகும்வரை மாதப் பணம். ஒரு வரி விட்டுப்போனதால் ஒரு குடும்பத்துக்கு வரும் நட்டம் இது.

இனிப்பு நீர் சங்கதிக்கு வருவோம். முதல் இரண்டு படியிலும் கேட்கப்படும் கேள்வி, "இது வேலையால் வந்ததா?" என்பது. மூன்றாம் படியில் அந்தக் கேள்வியே இல்லை. இனிப்பு நீரால் போன கால், கெட்டுப்போன சிறுநீரகம், நெஞ்சு நோய், பக்கவாதம் எல்லாம் அங்கே கணக்கில் வரும். ஆகவே விபத்துக் கேஸில் மறைத்த அதே நோய்தான், இலாட் பென்சனுக்குப் போகும்போது நமக்குச் சாட்சியாக நிற்க வேண்டும். பழைய பாரத்தில் "வேறு நோய் இல்லை" என்று இருக்கிறது; கிளினிக் கார்டிலோ பத்து வருட மருந்து இருக்கிறது. இரண்டும் மோதினால் அதிகாரி எதை நம்புவார்?

இன்னொன்றும் உண்டு. முக்கியமான தகவல் மறைக்கப்பட்டது என்று பிறகு தெரியவந்தால், போர்டு தன் முடிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பரிசீலிக்கலாம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் சொல்லாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான். அதே சமயம், வேலையில் பட்ட காயம் பிறகு மோசமானால் விழுக்காட்டை மறுபடி பார்க்கச் சொல்லி நாமும் கேட்கலாம்.

இனிப்பு நீர் இருப்பதால் வேலையில் நடந்த விபத்து விபத்து இல்லாமல் போய்விடாது. காயம் ஆறாமல் இழுப்பது ஏன் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமானால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்தும் அதைப் பொறுத்ததுதான்.

மூன்றாவது பயம் வீட்டைப் பற்றியது. இதை வெறும் அறியாமை என்று நாம் தள்ளிவிட முடியாது. வேலை இருந்தால்தான் தோட்டத்து வீடு என்ற நிலையில், நோயைச் சொல்லத் தொழிலாளி நடுங்குவதில் ஆச்சரியம் என்ன? ஆனால் மறைத்துக்கொண்டு எத்தனை நாள் பெரட்டுக்குப் போக முடியும்? முடியாமல் வேலையை விட்டு நின்றால் சந்தா நிற்கும். 40 மாதத்தில் 24 என்ற கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கடைசியில் வேலையும் இல்லை, வீடும் இல்லை, பென்சனும் இல்லை என்று ஆகும். தொழிலாளியைத் திரும்ப வேலையில் அமர்த்தும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்தி வருகிறது. முதலாளியோடு பேசி, உடம்புக்கு ஏற்ற வேலைக்கு மாற்றுவதும் அதன் நோக்கம். நோயைச் சொன்னவரை வெளியே தள்ளாமல் இலேசான வேலை கொடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதைச் சங்கம் வாதாட வேண்டுமென்றால் கையில் டாக்டர் சான்று இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, அடிபட்ட அன்றே மண்டோரிடம் சொல்லி எழுத வையுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. வலிக்கும் இடம் ஒவ்வொன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய நோயையும், சாப்பிடும் மருந்தையும் கார்டோடு காட்டுங்கள். இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லாதீர்கள், அது குற்றம். பாரம் மலாயில் இருந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். போர்டு முடிவு சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் வந்த அன்றே அதைக் கிளைத் தலைவரிடம் காட்டுங்கள்.

சொக்சோ பணம் யாரும் போடும் பிச்சை அல்ல. மாதாமாதம் நம் சம்பளத்திலிருந்தும் பிடித்த சந்தாவின் பலன். உள்ளதை உள்ளபடி சொல்லி, நமக்கு உரியதைக் குறையாமல் கேட்டு வாங்குவோம்.