'மா' என்னும் ஓரெழுத்து

சென்ற வாரம் அன்பர் ஒருவர் மிகுந்த உற்சாகத்துடன் நம்மிடம் வந்தார். "சீன பாஷையில் குதிரைக்கு 'மா' என்று பெயராம். நம் பழந்தமிழிலும் குதிரையை 'மா' என்றுதானே சொன்னார்கள்? ஆகவே, சீனர் அச்சொல்லை நம்மிடமிருந்தே பெற்றிருக்க வேண்டும். இதைத் தாங்கள் அவசியம் எழுத வேண்டும்" என்றார். எழுதுகிறோம், ஆனால் அவர் விரும்பிய முடிவோடு அன்று.

ஓரெழுத்தாலான சொற்கள் 42 என்று கணக்கிட்டது நன்னூல். அவற்றுள் 'மா'வும் ஒன்று. தோப்பில் அது மரம், அடுப்பங்கரையில் இடித்துச் சலித்த அரிசி, காட்டில் விலங்கு. வயலில் அது நிலத்தின் அளவு. 20 மா கொண்டது ஒரு வேலி. கணக்கரின் ஏட்டில் இருபதில் ஒரு பங்கு. திருமகளுக்கும் அதுவே பெயர். அந்தப் பொருள் வடமொழியிலிருந்து வந்தது.

பிற தேசங்களில் இன்னும் வேடிக்கை. ஹங்கேரியருக்கு 'மா' என்றால் 'இன்று'. அரபியில் 'என்ன' என்ற கேள்வி. இடத்துக்கேற்ப 'இல்லை' என்ற மறுப்பும் ஆகும். ஜப்பானியருக்கு அது இரண்டு பொருள்களின் நடுவேயுள்ள இடைவெளி. இத்தாலியருக்கு 'ஆனால்', பிரெஞ்சுக்காரருக்கு 'என்னுடைய'. இவ்விரு பாஷைகளும் லத்தீன் என்னும் ஒரே தாயின் மக்கள். அப்படியிருந்தும் இத்தாலியச் சொல் 'மாகிஸ்' என்பதன் தேய்வு. பிரெஞ்சுச் சொல் 'மேஆ' என்பதன் தேய்வு. உடன்பிறந்தார் வீடுகளிலேயே ஒரே ஒலிக்கு இரண்டு பிறப்பு! சீனத்திலோ குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி தாய், நார்ச்செடி, குதிரை, வைதல் என்று நான்கு பொருள். குரல் பிசகினால் தாயைக் குதிரையாக்கிவிடலாம்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூடிய உதட்டைத் திறந்தாலே பிறப்பது இவ்வொலி. எந்த நாட்டுக் குழந்தைக்கும் அது எளிது. பல பாஷைகளில் தாயின் பெயரில் மகரம் இருப்பதற்கும் இதுவே காரணம் என்பர். ஆனால் ஜார்ஜிய நாட்டிலே 'மாமா' என்றால் தந்தை. தாய்க்கு 'தேதா' என்று பெயர்.

இனி அன்பரின் குதிரைக்கு வருவோம். பழஞ்சீனத்தில் அச்சொல்லில் ரகர ஒலியும் இருந்ததென்று மொழிநூலார் ஆராய்ந்து கூறுகிறார்கள். சீனத்துக்கு உறவான பர்மிய பாஷையில் குதிரைக்கு வழங்கும் 'மியின்' என்ற சொல்லின் எழுத்து வடிவில் அந்த ரகரம் இன்றும் நிற்கிறது. நம் 'மா'வோ குதிரைக்கு மட்டும் உரியதன்று, யானையும் 'மா'தான். ஆக, இரண்டும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒலியில் சந்தித்தவை.

மெய்யாகவே கடல் கடந்த 'மா' ஒன்று உண்டு. 1498-இல் மலையாளக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் தங்கள் நாட்டில் விளையாத ஒரு கனியைக் கண்டார்கள். நம் நாட்டு மாங்காய் அவர்கள் வாயில் 'மங்கா' ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் 'மாங்கோ' ஆயிற்று. இங்கே பொருள் உண்டு, கப்பல் உண்டு, காலம் உண்டு. சாட்சியோடு வந்த வழக்கு இது.

"ஒரு குதிரைக்காக இவ்வளவு கண்டிப்பா?" என்று அன்பர் வருந்தலாம். கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தமிழ் வடமொழியின் கிளை என்று பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. பொதுச் சொற்களே அவர்களுக்கு ஆதாரம். அக்கொள்கையை 1816-இல் சென்னையில் எல்லிஸ் மறுத்தார். 1856-இல் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தால் திராவிட பாஷைகள் தனிக்குடும்பம் என்பதை நிலைநாட்டினார். ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு அவர்கள் வாதாடவில்லை. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், இலக்கண அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். தமிழில் பால், பல், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்று ஒழுங்காக மாறுவது போன்ற முறைமையே மொழியுறவுக்குச் சான்று.

அந்தத் தராசே நம் மொழியின் தனிமையை உலகத்தார் ஒப்புக்கொள்ளச் செய்தது. நமக்குச் சாதகமான போது அதை ஏற்று, குதிரை ஆசை வந்தபோது எறிந்துவிடலாமா? எறிந்தால் நாளை மற்றவர் சொல்லும் பொய்யை எதைக் கொண்டு நிறுப்போம்?

அன்பரே, குதிரை சீனரிடமே இருக்கட்டும். நமக்கு மாங்காய் போதும்.