70 வளைவு ஏறி மருந்து வருது... பாட்டியைத் திருப்பிப் படுக்கவைக்க யார் வருவாங்க?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் கொல்லிமலை ஏறுபவர்களுக்கு அது த்ரில். பக்கவாதத்தில் ஒரு கை, ஒரு கால் விழுந்துபோன ஒருவரை அதே சாலையில் நாமக்கல் வரை கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவரும் குடும்பத்துக்கு அது வாடகை வண்டி, ஒரு நாள் கூலி இழப்பு, வழியெல்லாம் வாந்தி.

மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் மலை இது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என 14 நாடுகள். ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. படித்த பிள்ளைகள் வேலை தேடிக் கீழே இறங்குகிறார்கள். வயதானவர்கள் மேலேயே இருக்கிறார்கள்.

அரசு என்ன தருகிறது?

* பணம்: முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் ரூ.1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். இதில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான்.
* மருந்து: 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு.
* அரிசி: 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே ரேஷன் போகிறது.

இவை சின்ன விஷயங்கள் இல்லை. பல மாநிலங்களில் இதுகூடக் கிடையாது.

அப்புறம் எதுதான் குறை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர். கொல்லிமலை ஒரு வட்டாரம். அவர் தினம் ஒரு நாட்டுக்குப் போனாலும், ஒரே நாட்டுக்கு மாதத்தில் இரண்டு முறை போவதே கஷ்டம். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை, படுக்கைப்புண் வராமல் இருக்க, சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நாளுக்கு 12 முறை.

மாதம் இரண்டுக்கும் நாளுக்கு 12-க்கும் நடுவில் இருக்கும் அத்தனை வேலைக்கும் பெயர்தான் நீண்டகாலப் பராமரிப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, ராத்திரி எழுந்து பார்ப்பது. இதற்கு டாக்டர் வேண்டாம். ஆள் வேண்டும்.

இப்போ யார் பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் மருமகள், மகள், மனைவி. மிளகு பறிக்கப் போனால் கூலி கிடைக்கும். வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொண்டால் கிடைக்காது. அந்த இழந்த கூலி எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை. "நம்ம வீட்டுப் பெரியவங்களை நாமதானே பார்க்கணும்" என்பது சரிதான். ஆனால் அந்த 'நாம' எப்போதும் ஒரே ஒரு பெண்ணாக இருப்பது நியாயமா?

மற்ற இடங்களில் எப்படி?

கேரளம் 2008-லேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே உள்ளாட்சிகளே செவிலியரை வீட்டுக்கு அனுப்புகின்றன. ஜப்பானில் 2000 முதல் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. 40 வயதிலிருந்தே சந்தா கட்ட வேண்டும். கொல்லிமலைக்கு இன்னும் பொருத்தமானது தாய்லாந்து. 2016 முதல் அங்கே ஊர்க்காரர்களுக்கே 70 மணி நேரப் பயிற்சி கொடுத்து, சில முதியவர்களை ஒருவர் பொறுப்பில் விடுகிறார்கள்.

இங்கே என்ன செய்யலாம்?

முதலில், நாடு வாரியாகப் பட்டியல் வேண்டும்: யார் படுக்கையில், யார் தனியாக, யாருக்கு உதவியாளர் அவசியம் என்று. மாத்திரை கொண்டுபோகும் மகளிர் தன்னார்வலர்களுக்கு இந்த வீடுகள் ஏற்கெனவே தெரியும்.

இரண்டாவது, ஒவ்வொரு நாட்டிலும் சில பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் பராமரிப்புப் பணியாளராக்க வேண்டும். மலையிலேயே வேலை கிடைக்கும். வீட்டுப் பெண்ணுக்கும் வாரத்தில் சில நாள் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் அதை விரிவாக்கலாம்.

செலவு ஆகும்தான். ஆனால் பராமரிப்பு இல்லாமல் படுக்கைப்புண், எலும்பு முறிவு என்று மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவும் அரசுக்குத்தானே?

மலை மேட்டர் மட்டுமா?

இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2036-ல் இது சுமார் 21 சதவீதமாகும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. அதாவது ஐந்தில் ஒருவர். இன்று பெங்களூருவில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போடும் 30 வயதுக்காரருக்கு அப்போது 40 தாண்டியிருக்கும். அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் தேடும் வயது அது. கொல்லிமலையில் இன்று இல்லாத அந்த ஆள், நாளை ராசிபுரத்திலும் சேலத்திலும் கிடைப்பாரா என்பது இப்போது எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.