விசைப்பலகை அறிவும் எழுத்தறிவே

நுழையும்முன்

பனையோலையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட தமிழ், பின்னர்த் தாளில் எழுதப்பட்டது, அச்சில் ஏறியது, இன்று கணினித் திரையில் ஒளிர்கிறது. எழுதும் கருவி மாறும்போதெல்லாம் எழுதக் கற்கும் முறையும் மாறுகிறது. தமிழகத்துக்கு வெளியே வளரும் தமிழ்க் குழந்தைகள் கணினியில் தமிழை எவ்வாறு எழுத வேண்டும் என்பது குறித்த கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

ஓர் ஊர், மூன்று பெயர்

பெங்களூரில் ஏரிக்கரையை ஒட்டி அமைந்த பழைய ஊர்ப்பகுதி அல்சூர். கன்னடத்தில் அதன் பெயர் ஹலசூரு. 'ஹலசு' என்பது பலாவைக் குறிக்கும் கன்னடச் சொல். பலாத்தோப்பு இருந்தமையால் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மெண்ட் எனப்படும் படைக்குடியிருப்பை அமைத்தபின், தமிழர் பலர் பணிதேடி வந்து இப்பகுதியில் குடியேறினர். அவர்கள் நாவில் ஹலசூரு அல்சூர் ஆயிற்று. ஆங்கிலேயர் எழுதிவைத்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படிப்பவர்களோ உல்சூர் என்கின்றனர்.

கன்னடப் பெயரும் தமிழ்ப் பெயரும் மக்கள் நாவில் வழங்கி வருபவை. மூன்றாவது பெயரோ, அயல் எழுத்து ஒலியைத் தாங்க இயலாமையால் தோன்றியது. ஓர் ஊரின் பெயருக்கே இந்நிலை எனில், ஒரு மொழி முழுவதையும் ரோமன் எழுத்தில் எழுதினால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே அல்சூரில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இயங்கி வருகிறது. ஏரிக்கரையருகே திருவள்ளுவர் சிலை உள்ளது. பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த அச்சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்துக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. சங்கமும் சிலையும் மொழிக்குப் பெருமை சேர்ப்பவை. ஆயினும் மொழியை நாள்தோறும் வாழவைப்பது அதனை எழுதும் கையே ஆகும்.

எழுதத் தெரிந்தும் எழுதாத தமிழ்

அயல்மாநிலத்தில் வாழும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் கன்னடம் பேசுகிறது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கிறது. கைப்பேசியில் செய்தி அனுப்பும்போது, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதுகிறது. விரைவாக எழுத முடிகிறது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

அவ்வாறு எழுதும்போது சொற்கள் தம் அடையாளத்தை இழக்கின்றன. லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ரோமன் எழுத்தே வழங்குகிறது. குளமும் குலமும் ஒன்றாகின்றன. மனமும் மணமும் ஒன்றாகின்றன. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டாதவர் எழுதினால் கலை, களை, காலை ஆகிய மூன்றும் ஒரே வடிவில் நிற்கின்றன. படிப்பவர் இடம்நோக்கிப் பொருளை ஊகித்துக்கொள்ள வேண்டியுள்ளது. வகுப்பில் பயின்ற எழுத்து வேறுபாடுகள் கையில் பழகாமையால் நாளடைவில் நினைவிலிருந்தும் நழுவுகின்றன.

இழப்பு இதனோடு முடிவதில்லை. தருமபுரியிலோ வேலூரிலோ ஊரில் தங்கிவிட்ட பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரிந்திருக்கலாம். பேரன் தமிழில்தான் எழுதுகிறான். ஆயினும் அவன் அனுப்பும் செய்தியைப் பாட்டியால் படிக்க இயலாது. மொழி ஒன்றாக இருந்தும் எழுத்து இருவரையும் பிரித்துவிடுகிறது.

வழி வகுத்தவர்களும் புலம்பெயர்ந்தோரே

விசைப்பலகை ஆங்கிலத்துக்கே உரியது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து பொருந்தாது. ரெமிங்டன் நிறுவனம் 1874ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைக் கண்ட உலக மக்கள், தத்தம் மொழிக்கும் அத்தகைய பொறி வேண்டும் என விரும்பினர். தமிழில் எழுத்துகள் 247. பொறியில் உள்ள விசைகளோ சில பத்துகளே. இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டு தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி இரா. முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் மலாயாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர். புள்ளி போன்ற குறியை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும் நகரா விசை தமிழ்ப் பொறிக்கு இன்றியமையாததாயிற்று. ஒரே இடத்தில் குறியும் எழுத்தும் சேர்ந்து பதிய அவ்விசை உதவியது.

கணினிக் காலத்திலும் இவ்வரலாறு தொடர்ந்தது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் தமிழ்க் கணினி எழுத்துக்கு முன்னோடிகளாக விளங்கினர். பல்வேறு விசைப்பலகை அமைப்புகள் வழங்கியமையால் குழப்பம் நேர்ந்தது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு அதனை ஆராய்ந்தது. அதன் பயனாக, தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பைத் தரமாக ஏற்றது. தாய்மண்ணிலிருந்து தொலைவில் வாழ்ந்தோர் தமிழை இழந்துவிடவில்லை. அதனை எழுதும் கருவியையே ஆக்கித் தந்தனர். அல்சூரில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

கன்னடத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கே. பி. ராவ் வகுத்த கன்னட விசைப்பலகை அமைப்பு கருநாடகத்தில் தரமாக வழங்குகிறது. பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தை தன் எழுத்தில் எழுத, தமிழ்க் குழந்தை தன் எழுத்தில் எழுதுவது இயல்பே ஆகும்.

விரலுக்குள் இலக்கணம்

தமிழ்99 அமைப்பைப் பழகுவது கடினமன்று. பன்னிரண்டு உயிரெழுத்துகள், பதினெட்டு மெய்யெழுத்து வரிசைகள், ஒரு புள்ளி என முப்பத்தொரு விசைகளே அதன் அடிப்படை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்வரிசைகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் உள்ளன. ககர விசையை அடுத்து ஆகார விசையைத் தட்டினால் 'கா' தோன்றும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் விதியைக் குழந்தையின் விரல்களே உணர்ந்துகொள்கின்றன.

ஒரே மெய்வரிசையின் விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானே புள்ளி பெறும். இனவெழுத்துகளுக்கும் அவ்வாறே. ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம், ணகரத்தை அடுத்து டகரம், நகரத்தை அடுத்துத் தகரம், மகரத்தை அடுத்துப் பகரம், னகரத்தை அடுத்து றகரம் என வரும்போது முன்னெழுத்தின்மேல் புள்ளி தானே அமையும். 'வணக்கம்' என்று எழுத வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு தட்டல்கள் போதும். அதே சொல்லை ரோமன் எழுத்தில் எழுத எட்டுத் தட்டல்கள் வேண்டும். ஆகவே, ரோமன் எழுத்தே விரைவானது என்னும் கூற்று ஆராயாமல் சொல்லப்படுவதாகும்.

கட்டளைகளும் தாவல் விசையும்

எழுத்துகளைத் தட்டுவதோடு விசைப்பலகை அறிவு நிறைவு பெறுவதில்லை. எழுதியதைத் திருத்தவும் நகர்த்தவும் தெரிதல் வேண்டும். கண்ட்ரோல் விசையுடன் சி, எக்ஸ், வி ஆகிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் முறையே நகலெடுத்தல், வெட்டுதல், ஒட்டுதல் ஆகியவை நிகழும். இச்செயல்களை 1970களில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கணினி அறிஞர் லாரி டெஸ்லர். கண்ட்ரோலுடன் இசட் தட்டினால் செய்த பிழை நீங்கும்; கண்ட்ரோலுடன் அம்புக்குறி விசையைத் தட்டினால் ஒரு சொல்லைக் கடந்து செல்லலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையைத் தட்டினால், நிறுவியுள்ள மொழிகளுக்கிடையே மாறலாம்.

தமிழ் எழுத்துக்கு உரிய நுட்பமும் ஒன்று உண்டு. 'கொ' என்பது கண்ணுக்கு ஓரெழுத்து; கணினிக்கோ அது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த தொடர். பல உரைத்திருத்திகளில் அம்புக்குறி விசை 'கொ' முழுவதையும் ஒரே அடியாகக் கடந்து செல்லும். பின்னழிப்பு விசையோ ஒகரக் குறியை மட்டும் நீக்கிக் ககரத்தை நிறுத்தும். இதனை அறிந்த மாணவர் முழு எழுத்தையும் அழித்து மீண்டும் எழுத மாட்டார். உயிர்க்குறியை மட்டும் மாற்றுவார்.

டேப் எனப்படும் தாவல் விசை, பழைய தட்டச்சுப் பொறியில் அட்டவணைகளை அமைப்பதற்காகத் தோன்றியது. ஒரு தட்டலில் அது குறித்த இடத்துக்குத் தாவும். இன்று அதற்கு இரு பணிகள் உள்ளன. படிவங்களில் அது அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் செல்லும். ஷிப்ட் விசையுடன் சேர்த்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். உரைத்திருத்தியிலோ அது வரியில் இடைவெளியை இடும்.

கண்பார்வை உள்ளவருக்கு இவ்விருமை சிறு செய்தி. பார்வையற்றவருக்கு அது பெருஞ்சிக்கல். அவர் சுட்டியின் அம்பைக் காண இயலாது. தாவல் விசையால் நகர்ந்து, திரைபடிப்பான் சொல்வதைக் கேட்டே செயல்படுவார். உரைத்திருத்திக்குள் நுழைந்தபின் தாவல் விசை இடைவெளியை மட்டுமே இட்டுக்கொண்டிருந்தால், அவர் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்வார். இதனால்தான் 2008ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறைகள், விசைப்பலகையால் நுழைந்த இடத்திலிருந்து விசைப்பலகையாலேயே வெளியேற இயல வேண்டும் என விதித்தன. சில உரைத்திருத்திகளில் ஆல்ட் விசையுடன் எஃப்10 தட்டினால் கருவிப்பட்டைக்குச் செல்லலாம்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோர் என்விடிஏ என்னும் திரைபடிப்பானை உருவாக்கினர். 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அது விலையின்றிக் கிடைக்கிறது. தமிழையும் படித்துக் காட்டும். தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட செய்தியை அது தமிழாகவே ஒலிக்கும். ரோமன் எழுத்தில் எழுதிய தமிழையோ ஆங்கிலம்போல் உச்சரித்துச் சிதைத்துவிடும். ஆகவே, தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவது பாட்டிக்கு மட்டுமன்றி, பார்வையற்ற நண்பருக்கும் செய்யும் உதவியாகும்.

மறுப்பும் விடையும்

பேசினாலே கணினி எழுதிவிடும் காலத்தில் விசைப்பலகை எதற்கு என்று சிலர் வினவலாம். குரல்வழித் தட்டச்சு பயனுள்ளதே. ஆனால், அது னகர ணகரங்களை மாற்றி எழுதினால், அப்பிழையைக் கண்டறியும் அறிவும் திருத்தும் திறனும் வேண்டும். அமைதி காக்க வேண்டிய நூலகத்திலும் வகுப்பறையிலும் உரக்கப் பேசி எழுதவும் இயலாது.

ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் உள்ளதே என்பது இன்னொரு வினா. தொடக்க நிலையில் அது நல்ல துணை. ரோமன் எழுத்திலேயே அனுப்புவதைக் காட்டிலும் மேலானது. எனினும், அதனைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் முதலில் ரோமன் எழுத்தில் எண்ணிப் பார்க்கின்றனர். நீந்தக் கற்றபின் மிதவையை விடுவதுபோல, எழுத்துகள் பழகியபின் அத்துணையை விடுதலே தக்கது.

பாடச்சுமை மிகுந்துள்ளதே என்னும் பெற்றோரின் கவலை நேர்மையானது. இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சி போதும். தமிழ்ப் பாடத்துக்கான வீட்டுப்பாடங்களுள் ஒன்றை வாரந்தோறும் கணினியில் எழுதச் செய்யலாம். கணினி ஆய்வகங்களில் தமிழ்99 அமைப்பை நிறுவிவைக்கலாம். கையெழுத்துப் பயிற்சியை இதன்பொருட்டுக் கைவிட வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றற்கொன்று துணையே.

ஒரு மொழியைப் பேசவும் படிக்கவும் தெரிந்து, அன்றாடம் எழுதும் கருவியில் அதனை எழுதத் தெரியாதிருப்பது அரைகுறை எழுத்தறிவே. முப்பத்தொரு விசைகளைக் கற்பது ஒரு பருவத்தில் முடியும் பணி. அதன் பயனோ வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

சொற்பொருள்

எழுத்தாணி – ஓலையில் எழுதும் கூரிய கருவி
இனவெழுத்து – ஒலிக்கும் இடத்தாலும் முயற்சியாலும் ஒத்த எழுத்து
உரைத்திருத்தி – கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்
திரைபடிப்பான் – திரையில் உள்ளதை ஒலியாக்கிக் கூறும் மென்பொருள்

பயிற்சி

1. 'அம்மா', 'தங்கம்' ஆகிய சொற்களைத் தமிழ்99 அமைப்பில் எழுத எத்தனை தட்டல்கள் வேண்டும்? எண்ணி எழுதுக.
2. ரோமன் எழுத்தில் எழுதினால் பொருள் மயங்கும் சொல் இணைகள் ஐந்தினைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்து எழுதுக.
3. தாவல் விசை படிவத்திலும் உரைத்திருத்தியிலும் செய்யும் பணிகளை வேறுபடுத்திக் காட்டுக.
4. சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் கொண்டு, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்குத் தமிழ் எழுத்தில் பத்து வரிக் கடிதம் எழுதி அனுப்புக.
5. "குரல்வழித் தட்டச்சு வந்தபின் விசைப்பலகை தேவையில்லை" – இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி விடை தருக.