டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, வீட்டிலிருந்து எத்தனை மணி?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது இவ்வளவுதான். செங்கல்பட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கு வேறு.

மீனம்பாக்கம் சுமார் 40 கி.மீ. ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்வோம். உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. இறங்கிப் பெட்டியை எடுக்க அரை மணி. ஆக மொத்தம் ஐந்து மணி நேரம். செங்கல்பட்டில் பகல் நேர விரைவு ரயில் ஏறினால் ஆறு முதல் ஏழு மணி நேரத்தில் மதுரை. கஸ்ர் தொழுகைக்குத் தூரம்தான் அளவு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் கிளம்பும் குடும்பமோ நேரத்தைத்தான் பார்க்கும்.

இந்தக் கணக்கைப் பரந்தூர் மாற்றப்போகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என நான்கு இடங்கள் பரிசீலிக்கப்பட்டன. முதல் இரண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளவை. கல்பாக்கம் அணுமின் நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகில் இருந்ததால் அவை கைவிடப்பட்டன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாகப் பரந்தூர் 50 கி.மீ.க்கு மேல். மாமல்லபுரத்திலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ. உள்நாட்டுச் சேவைகள் அங்கே போனால், கடலோர மக்களுக்கு விமானத்துக்கும் ரயிலுக்கும் பெரிய வித்தியாசம் இராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் 2008இல் புதிய நிலையம் வந்ததும் பழையவற்றில் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. சென்னையில் இரண்டுமே இயங்கும் என்கிறது அரசு. அப்படியானால், மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து ஜித்தா விமானம் பிடிக்கும் உம்ரா பயணி ஒரு நிலையத்தில் இறங்கி, மறு நிலையத்துக்குச் சாலையில் 50 கி.மீ.க்கு மேல் போக நேரலாம். மதுரையிலிருந்து பறந்து வந்த நேரத்தைவிட அந்தச் சாலைப் பயணம் நீளக்கூடும்.

பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ திட்டமிடப்பட்டுள்ளது. அது சென்னை நகரவாசிகளுக்கு உதவும். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் மக்களுக்கு உதவாது. எனவே இப்போதே கேட்க வேண்டியவை மூன்று: மீனம்பாக்கம்–கிளாம்பாக்கம் மெட்ரோவை விரைந்து முடிப்பது, செங்கல்பட்டு, மாமல்லபுரத்திலிருந்து இரு நிலையங்களுக்கும் நேரடிப் பேருந்து, ஒரே டிக்கெட்டில் மாறிச் செல்லும் பயணிக்கு இரு விமானங்களும் ஒரே நிலையத்தில் அமைவது. ஜமாஅத்துகளும் உம்ரா பயண ஏற்பாட்டாளர்களும் இவற்றை மாவட்ட ஆட்சியரிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் மனுவாகக் கொடுக்கலாம்.

இவற்றைக் கேட்கும்போது ஏகனாபுரத்தை மறக்கக் கூடாது. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இத்திட்டத்துக்குத் தேவை. வயலும் ஏரியும் வீடும் போகும் என்று அவ்வூர் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். நமக்கு அரை மணி நேரம் கூடுமா குறையுமா என்பது கேள்வி. அவர்களுக்கோ ஊரே இருக்குமா என்பது கேள்வி. நம் வசதிக்காகப் பேசும் நாம், அவர்களுடைய உரிமைக்காகவும் பேசியாக வேண்டும்.