சந்திரனில் குடியிருப்பு: தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

மனிதன் சந்திரனில் போய் இறங்கி ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. 1969-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் 1972-ம் வருஷம் டிசம்பர் மாதம் வரை அமெரிக்கர்கள் பன்னிரண்டு பேர், ஆறு தடவையாக, அங்கு இறங்கி நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் வாரிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆனால் அவர்களில் அதிக காலம் தங்கினவர்கள் கூட மூன்று நாளும் சில மணி நேரமும்தான் தங்கினார்கள். சந்தைக்குப் போய் வந்தவன் சந்தை ஊரில் குடியிருந்தவன் ஆகிவிட மாட்டான். இப்பொழுது நடக்கும் பேச்சோ குடியிருப்பதைப் பற்றியதாகும். அமெரிக்கா தன்னோடு சேர்ந்த தேசங்களை வைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடும், சீனாவும் ருஷ்யாவும் 2021-ல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு ஏற்பாடும் நடத்தி வருகின்றன. இந்தியாவும் 2040-க்குள் ஓர் இந்தியரைச் சந்திரனில் இறக்குவதென்று 2023-ல் இலக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. ஆதலால் இதை வெறும் மனக்கோட்டை என்று தள்ளிவிடுவதற்கில்லை. அங்கு குடியிருப்பது எப்படி, யாருக்காக என்று பாமர மக்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலாவது, சந்திரன் எப்படிப்பட்ட இடம் என்று பார்ப்போம். அங்கு சுவாசிக்கக் காற்றில்லை. ஒரு பகல் நம்முடைய 14 நாள். ஒரு இரவும் அவ்வளவே. அதன் நடுக்கோட்டுப் பக்கம் நடுப்பகலில் 120 டிகிரி சென்டிகிரேடு வரை காய்கிறது. இரவிலோ பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 170 டிகிரி வரை குளிர்ந்துவிடுகிறது. நமது சந்திரயான்-3 யந்திரம் 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி இறங்கி, ஒரு பகல் முழுவதும் வேலை செய்தது. இரவு வந்ததும் அடங்கியது, மறு பகலில் விழிக்கவில்லை. சீனாவின் யந்திரமொன்றில் 2019-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு பருத்தி விதை முளை விட்டது. இரவுக் குளிர் வந்ததும் அம்முளையும் செத்தது. யந்திரமும் விதையும் தாங்காத இடத்தில் மனிதன் தங்க வேண்டுமானால் அவனுக்கு வேண்டியவை நான்கு. அவையாவன: வெளிச்சம், தண்ணீர், காற்று, கூரை.

வெளிச்சத்தையும் தண்ணீரையும் தேடித்தான் இரண்டு கட்சியாரும் சந்திரனின் தென்முனைக்குப் போகிறார்கள். பூமி தன் அச்சில் 23 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறது. சந்திரனோ ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் தென்முனையில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. அடிவானத்தை ஒட்டியபடியே சுற்றி வருகிறது. இதன் பயனாக, ஷாக்கிள்டன் என்னும் பெரும்பள்ளத்தின் கரைமேடு போன்ற சில உயரமான இடங்களில் வருஷத்தில் பெரும்பகுதி வெயில் இருக்கிறது. ஆழமான பள்ளங்களிலோ கோடிக்கணக்கான வருஷங்களாக வெயில் பட்டதே இல்லை. அங்கே குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 200 டிகிரிக்கும் அதிகம். அப்பள்ளங்களில்தான் தண்ணீர் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கிறது. சந்திரனில் அமிர்தம் இருப்பதாகப் புராணக்காரர்கள் சொல்லி வந்தார்கள். 2008-ல் நாம் அனுப்பிய சந்திரயான்-1 யந்திரத்தில் இருந்த கருவி பார்த்ததில் தென்பட்டது தண்ணீரின் அடையாளமே. 2009-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்கர்கள் கபேயஸ் என்னும் இருண்ட பள்ளத்தில் ஒரு ராக்கெட்டை மோதவிட்டு, கிளம்பிய புழுதியை ஆராய்ந்ததில் அதன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேலாகத் தண்ணீர் இருந்ததாகக் கண்டார்கள்.

ஆகவே வெளிச்சம் மேட்டிலும் தண்ணீர் பள்ளத்திலும் இருக்கின்றன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிற இடங்கள் சிலவே. வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தகராறு முழுவதும் இதிலிருந்துதான் வரப்போகிறது.

அடுத்தது கூரை. பூமிக்குக் காற்றும் காந்த சக்தியும் குடையாக இருந்து ஆகாயத்திலிருந்து வரும் கொடிய கதிர்களைத் தடுக்கின்றன. சந்திரனுக்கு அந்தக் குடை இல்லை. அங்கு ஒரு நாளில் உடம்பில் படும் கதிர், பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் படுவதைப் போல் சுமார் இரண்டரை மடங்கு என்று 2019-ல் அளந்திருக்கிறார்கள். அதனால் வீட்டின்மேல் ஆள் உயரத்திற்கு மேலாக மண்ணைக் குவித்து மூட வேண்டும். அல்லது எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய குகைகளுக்குள் புக வேண்டும். சந்திரன் மண்ணோ கண்ணாடித்தூள் போல் கூரியது. சட்டையை அரிக்கும், மூட்டுகளில் புகுந்து யந்திரத்தைக் கெடுக்கும். ஆதலால் அம்மண்ணின் குணத்தை இங்கேயே சோதித்துப் பழக வேண்டியிருக்கிறது. அதற்கு நமது நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் பாறை உதவியது. சந்திரனின் மேட்டு நிலப் பாறைக்கு ஒத்த பாறை அங்கு இருப்பதால், அதைப் பொடி செய்துதான் நமது யந்திரங்கள் இறங்கும் சோதனைகளை நடத்தினார்கள்.

நிற்க, காற்றின் கணக்கு இன்னும் நுட்பமானது. அமெரிக்காவில் அரிஜோனா பாலைவனத்தில் 1991-ம் வருஷம் எட்டுப் பேர் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டிடத்திற்குள், பயிர் பச்சைகளுடன், வெளிக்காற்று புகாமல் இரண்டு வருஷம் இருப்பதாகப் புகுந்தார்கள். உள்ளே நூற்றுக்கு 21 பங்காக இருந்த பிராண வாயு பதினாறு மாதத்தில் 14 பங்குக்கு இறங்கிவிட்டது. 1993-ம் வருஷம் ஜனவரியில் வெளியிலிருந்து பிராண வாயு ஏற்றித்தான் அவர்களைக் காப்பாற்ற நேர்ந்தது. காரணம் என்ன? எருப்போட்ட மண்ணில் இருந்த கிருமிகள் பிராண வாயுவைத் தின்று கரிவாயுவை விட்டன. அந்தக் கரிவாயுவைப் பயிர் எடுத்துக்கொண்டு பிராண வாயுவைத் திருப்பித் தருவதற்குள் புதுச் சுவரின் கான்கிரீட் அதைக் குடித்துவிட்டது. சுவர் மூச்சு விடும் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. அரிஜோனாவில் வெளியிலிருந்து பிராண வாயுவை ஏற்றினார்கள்; சந்திரனில் வெளிக்காற்று ஏது? இந்தப் பாடத்தைக் கற்ற பிறகே 2017-லும் 2018-லும் பீஜிங் நகரத்தில் சீனர்கள் இதுபோன்ற அடைத்த வீட்டில், முறை வைத்து ஆட்களை மாற்றி, 370 நாள் வெற்றியாகத் தங்கிக் காட்டினார்கள்.

இனி தண்ணீரைப் பற்றி. விண்வெளி நிலையத்தில் இப்போது நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரைத் திரும்பவும் பிடித்து உபயோகிக்கிறார்கள். மூச்சின் ஈரம், உடம்பின் வேர்வை, சிறுநீர் எல்லாம் சுத்தமாகி மறுபடி குடிதண்ணீராகின்றன. நேற்று ஒருவர் விட்ட சிறுநீர் நாளை எல்லோரும் குடிக்கும் தண்ணீர். சந்திரனிலும் இதே ஏற்பாடுதான். யோசித்துப் பாருங்கள்! அந்த வீட்டில் யார் யாரைத் தீட்டென்று சொல்ல முடியும்? இவன் தொட்ட தண்ணீரை நான் தொடமாட்டேன் என்கிறவன் இரண்டு நாளில் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். கழிவை எடுக்க ஒரு ஜாதியை வைத்துவிட்டு மற்றவன் மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. கழிவைச் சுத்தம் செய்யும் யந்திரத்தை அறியாதவனுக்கு அங்கே உயிர்ப்பிச்சை இல்லை. நாம் இத்தனை காலம் வாதாடிச் சொன்னதைச் சந்திரன் வாதமின்றிச் சட்டமாக்கிவிடும்.

ஆனால் ஒரு வீட்டிற்குள் இருக்கும் இந்தச் சமத்துவம், வீட்டிற்கும் வீட்டிற்கும் இடையில் இருக்குமா என்பதே நமது கேள்வி. குடிக்கிற தண்ணீர் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். ஆனால் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் ராக்கெட்டுக்கு எரிபொருளும் கிடைக்கும். அப்படி எரித்தது திரும்பாது. கோடிக்கணக்கான வருஷம் சேர்ந்த பனிக்கட்டியை முதலில் போனவன் எரித்துத் தீர்த்துவிட்டால் பின்னால் வருகிறவன் எதைக் குடிப்பான்?

இதற்குச் சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1967-ம் வருஷத்து விண்வெளி ஒப்பந்தப்படி எந்த தேசமும் சந்திரனைத் தனக்குச் சொந்தமென்று சொல்லக் கூடாது. ஆனால் அங்கிருந்து தோண்டி எடுத்த பொருள் எடுத்தவனுக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015-ல் தன் குடிகளுக்குச் சட்டம் செய்துகொண்டது. 2020-ல் அது ஏற்படுத்திய ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையோ, அப்படித் தோண்டுவது இயல்பாகவே நிலத்தைச் சொந்தம் கொண்டாடுவதாகாது என்கிறது; வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. இந்தியா 2023-ல் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இதை நமது ஊர்ப் பாஷையில் சொன்னால் என்ன? கிணறு என்னுடையதல்ல, ஆனால் இறைத்த தண்ணீர் என்னுடையது, கிணற்றைச் சுற்றி இத்தனை அடிக்குள் நீ வரவும் கூடாது என்பதுதான். பொதுக் கிணறு என்று தாலுக்கா புஸ்தகத்தில் எழுதியிருந்தும் அதில் வாளி விடக்கூடாமல் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதா?

பாதுகாப்பு வட்டத்திற்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1969-ம் வருஷம் நவம்பரில் அப்பல்லோ-12 இறங்கியபோது, சுமார் 160 மீட்டர் தூரத்தில் நின்ற பழைய யந்திரமொன்றின்மேல் புழுதி அடித்து அதைச் சுரண்டிவிட்டது. காற்றுத் தடை இல்லாத இடத்தில் தூசியும் தோட்டாதான். ஆகவே தூரம் வேண்டும். அந்தத் தூரத்தை யார் அளப்பது, எத்தனை காலத்திற்கு, பள்ளத்துக்குப் போகும் வழியை அது அடைக்கலாமா என்பவற்றை முதலில் வந்தவனே தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் நமது வாதம்.

இது நடக்காத காரியமுமல்ல. தென் துருவக் கண்டமாகிய அண்டார்டிகாவுக்கு 1959-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி அங்கு யாரும் புதிதாக நிலம் கோர முடியாது. ஒருவர் நிலையத்தை மற்றவர் போய்ப் பார்க்கலாம். ஆராய்ச்சி முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1991-ல் அங்கு சுரங்கம் தோண்டுவதையும் தடுத்தார்கள். மைத்ரி, பாரதி என்று இந்தியாவும் அங்கு நிலையங்கள் கட்டியிருக்கிறது. சந்திரனும் அதன் வளமும் மனித சமூகத்தின் பொதுச் சொத்து என்கிற ஒப்பந்தம் 1979-லேயே எழுதப்பட்டது. இந்தியா 1982-ல் அதில் கையெழுத்துப் போட்டும், அதை உறுதிசெய்யாமலே விட்டிருக்கிறது.

"சோற்றுக்கே வழியில்லாதவனுக்குச் சந்திரன் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பணம் அவனுடைய வரிப்பணம் என்பதாலேயே அவனுக்கு அதில் பங்கு உண்டென்று நாம் சொல்லுகிறோம். ஒரு குடம் தண்ணீரை நூறு தடவை சுத்தம் செய்யும் வித்தை சந்திரனுக்குப் போகும் நாலு பேருக்கு மட்டும் உதவி, சாக்கடைக் குழியில் ஆள் இறங்கிச் சாகும் நமது ஊருக்கு உதவாமல் போகுமானால், அந்த விஞ்ஞானம் பாதி வழியில் நின்றுவிட்டதென்றே அர்த்தம். அதைக் கேட்டு வாங்கும் உரிமையை நாம் விட்டுவிடக் கூடாது.

ஆகவே, தோழர்களே! உங்கள் ஓட்டைக் கேட்டு வருகிற சட்டசபைக்காரரையும் பார்லிமெண்டுக்காரரையும் இரண்டு கேள்வி கேளுங்கள். சந்திரனின் தண்ணீர் பொதுவா, முதலில் இறைத்தவனுக்கா? பொது என்றால் 1982-ல் போட்ட கையெழுத்து ஏன் பாதியில் நிற்கிறது? இன்னும் அங்கே ஒரு கல்வீடு கூடக் கட்டப்படவில்லை. ஒரு வேலியும் போடப்படவில்லை. வேலி போட்ட பிறகு அதை எடுக்க எத்தனை தலைமுறை வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்தத் தடவையாவது வேலிக்கு முன்பாகவே கேட்டு வைப்போம்.